பெயரில்லாத எண்ணாயிரம் பேருக்கு ஒரு விகாரை

ஜப்பானின் கியோட்டோ நகரத்திலிருந்து மேற்கே அரஷியாமா மலையடிவாரத்துக்குப் போகும் ட்ராம் பாதையில் 'கத்தாபிரா நோ ட்சுஜி' என்றொரு தரிப்பிடம் இருக்கிறது. கத்தாபிரா என்பது மெல்லிய ஆடை. இறந்தவருக்கு உடுத்தி அனுப்பும் ஆடையையும் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். ட்சுஜி என்றால் சந்தி. எங்கள் பேச்சில் சொன்னால் 'கோடித்துணிச் சந்தி'. பாடசாலைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி அங்கே ஏறி இறங்குகிறார்கள்.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 9ஆம் நூற்றாண்டில் சாகா பேரரசரின் அரசியாக இருந்தவர் தச்சிபானா நோ கச்சிகோ. பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர், பேரழகி என்று பெயரெடுத்தவர். 850இல் இறந்தார். தான் இறந்தால் எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம், உடலைத் தெருச்சந்தியில் விட்டுவிடுங்கள் என்று அவர் கட்டளையிட்டாராம். தன் அழகில் மயங்கியவர்கள் அந்த உடல் வீங்கி, வெடித்து, நாயும் காகமும் தின்று, கடைசியில் வெறும் எலும்பாகிக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவரது எண்ணம். இது வரலாறு அல்ல, கதைதான். ஆனால் தரிப்பிடத்தின் பெயர் உண்மை. கியோட்டோவின் கிழக்குப் பக்கத்தில் சைஃபுகுஜி என்ற சிறிய விகாரையில் அந்த அரசியின் உடல் சிதைவதை ஒன்பது நிலைகளாகக் காட்டும் ஓவியமும் இருக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில், இறந்தவர்கள் வீடு திரும்பி வருவதாக நம்பப்படும் ஒபோன் காலத்தில், அதைப் பார்வைக்குத் தொங்கவிடுவார்கள்.

ஊடகப் பயிற்சி ஒன்றுக்காக ஜப்பான் போயிருந்தபோது கிடைத்த ஒரேயொரு ஓய்வுநாளில் நான் அந்த ட்ராமில் ஏறினேன். போக வேண்டியிருந்தது அடாஷினோ நென்புட்சுஜி என்ற விகாரைக்கு. யாருமற்று இறந்தவர்களுக்கான சுமார் 8,000 கற்களைக் காத்து வரும் இடம் அது.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு விகாரை என்ற சொல்லே நெருடும் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். தையிட்டியில் காணி பறிபோனவர்கள் ஒவ்வொரு போயா தினத்திலும் வீதியோரத்தில் நிற்பதைப் பார்த்துச் செய்தி எழுதிய ஒருவர், புத்தர் சிலையை வெறும் கலைப்பொருளாகப் பார்த்துவிட்டு வர முடியாது. வடக்கில் எங்களுக்குத் தெரிந்த புத்தர் பெரும்பாலும் முகாமுக்குப் பக்கத்தில் இருப்பவர். அந்த மனத்தோடுதான் போனேன். அதை ஒளித்துவிட்டு எழுதினால் மிச்சம் எதையும் நீங்கள் நம்பத் தேவையில்லை.

ஆனால் நிலையாமை என்ற சிந்தனை எங்களுக்கு வெளியிலிருந்து வந்த பொருளும் அல்ல. திருக்குறளில் 34ஆவது அதிகாரமே நிலையாமை. தமிழில் எழுதப்பட்ட பௌத்தக் காப்பியமான மணிமேகலை ஒரு முழுக் காதையைப் புகார் நகரத்துச் சுடுகாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறது. இறந்தவர்களை எரிப்பவர்கள், வெளியில் அப்படியே இட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், தாழியில் வைத்துக் கவிழ்ப்பவர்கள் என்று பழைய தமிழரின் பலவகை ஈமமுறைகளை அது ஒருங்கே சொல்கிறது. அந்தச் சுடுகாட்டுக்குத்தான் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாக வந்து பயந்துபோகிறான், அந்தப் பயத்தில் இறந்தும் போகிறான். அவனுடைய தாய் கோதமை, காவல் தெய்வமான சம்பாபதியிடம் போய் என் உயிரை எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தா என்று கேட்கிறாள். தெய்வத்தால் அது முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் மணிமேகலையை அட்சயபாத்திரக் கதையாக மட்டும் படித்துவிட்டு வந்தேன். இந்தத் தாயைப் பற்றி எந்த ஆசிரியரும் சொன்ன நினைவு இல்லை.

அரஷியாமாவில் இறங்கி மூங்கில் தோப்புகளையும் கோயில்களையும் கடந்து அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். சாகா தொரிஇமோத்தோ என்ற அந்தத் தெருவில் பழைய ஓலைக்கூரை வீடுகளை அப்படியே பேணி வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பயணிகளின் கூட்டம் மூங்கில் தோப்போடு நின்றுவிடும், இவ்வளவு தூரம் வருபவர்கள் குறைவு. ஒபோன் முடியும் ஓகஸ்ட் 16 இரவு கியோட்டோவைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் பெருந்தீ மூட்டி இறந்தவர்களை வழியனுப்புவார்கள். அவற்றில் ஒன்று, கோயில் தோரண வடிவில் எரிவது, இந்தத் தெருவுக்கு அருகிலுள்ள மலையில்தான்.

அடாஷினோ என்பது இன்று அழகான இடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அப்படியல்ல. கியோட்டோ தலைநகராக இருந்த காலத்தில் நகருக்கு வெளியே பிணங்களைக் கொண்டுபோய் விட மூன்று பெரும் நிலங்கள் இருந்தன. கிழக்கே தொரிபேனோ, வடக்கே ரெண்டாய்னோ, மேற்கே அடாஷினோ. விறகு வாங்கி எரிக்கவும் பிக்குகளை அழைத்து ஓதவும் வசதியுள்ளவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் உடலைக் காற்றுக்கும் மழைக்கும் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். அடாஷினோ என்ற பெயரின் முதற்பகுதி வீண், நிலையற்றது, மறைந்துபோவது என்ற பொருள்களைத் தருவது. பழைய ஜப்பானியக் கவிஞர்கள் அடாஷினோ என்று எழுதினாலே பனித்துளியைப் போன்ற வாழ்வு என்று வாசகர் புரிந்துகொள்வார்.

ஷிங்கோன் பௌத்தப் பிரிவை நிறுவிய கூக்காய் 811இல் இங்கு வந்து, சிதறிக் கிடந்த எலும்புகளைப் பார்த்து, அவற்றை அடக்கம் செய்து கல்லில் புத்தர் உருவங்களை வைத்தார், அதோடுதான் இந்த விகாரை தொடங்கியது என்பது மரபு. பிறகு 12ஆம் நூற்றாண்டில், தூய நிலப் பௌத்தத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்ற ஹோனென் இதை நென்புட்சு ஓதும் இடமாக்கினார் என்கிறார்கள். நென்புட்சு என்பது அமிதா புத்தரின் பெயரைச் சொல்லி அழைப்பது, அவ்வளவுதான். படிப்பு வேண்டாம், தியானப் பயிற்சி வேண்டாம், காணிக்கை வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும். பிணத்தைக் காட்டில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்த ஏழைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படிகளில் ஏறி உள்ளே போனால் முதலில் தெரிவது கற்கள்தான். முழங்கால் உயரமும் இல்லாத சின்னச் சின்னக் கற்கள், வரிசை வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. சிலவற்றில் கைகூப்பிய உருவம் இன்னும் தெரிகிறது. பெரும்பாலானவற்றில் மழை முகத்தைக் கரைத்துவிட்டது. கண் இருந்த இடத்தில் பாசி. இடையிடையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வடிவக் கற்களும் உண்டு. அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, பிறகு கூரை வடிவம், அதன்மேல் அரைவட்டம், உச்சியில் மொட்டு. நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். பஞ்சபூதம்தான். உடல் எதனால் ஆனதோ அதற்குத் திரும்பிப் போய்விட்டது என்பதைக் கல்லிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் கற்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படி நின்றவையல்ல. நூற்றாண்டுகளாக மலைச்சரிவெங்கும் சிதறியும் புதைந்தும் கிடந்தவை. வைத்தவர்களும் செத்து, அவர்களுடைய பிள்ளைகளும் செத்து, யாருடைய கல் எது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1903 அளவில், ஊர்மக்களும் விகாரையினரும் சேர்ந்து அவற்றைத் தோண்டியெடுத்து ஓரிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். புத்தரின் போதனையைக் கேட்க உட்கார்ந்திருக்கும் சனக்கூட்டம் போல அவற்றை நிறுத்தினார்கள். நடுவில் பல அடுக்குக் கற்கோபுரம், சுற்றிலும் கூட்டம். செல்வாக்குள்ளவர் எவரும் அந்தக் கற்களுக்கு உரிமை கோரவில்லை. யாரென்றே தெரியாத, தங்களுக்கு எந்த உறவும் இல்லாதவர்களுக்காக ஓர் ஊர் செய்த வேலை அது.

இப்படி யாருமற்றுப் போனவர்களை ஜப்பானியர் 'முஎன்போதோகே' என்கிறார்கள். 'என்' என்றால் தொடர்பு, உறவு. 'மு' என்றால் இல்லை. உறவு அறுந்தவர்கள். இறந்தவருக்கு ஆண்டுதோறும் நினைவுச் சடங்கு செய்ய யாராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் அலைவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால்தான் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு பாரம். 2010இல் அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே 'உறவற்ற சமூகம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ஆண்டொன்றுக்குச் சுமார் 32,000 பேர் உடலைப் பொறுப்பேற்க ஆளில்லாமல் இறக்கிறார்கள் என்று அது சொன்னதும் நாடே அதிர்ந்தது. பணக்கார நாடு, போர் இல்லை, ஆனாலும் முஎன்போதோகேக்கள் குறையவில்லை.

நான் நீண்ட நேரம் நின்றது இந்தச் சொல்லின் முன்னால்தான். செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு சிறு எலும்புக்கூட்டோடு பாடசாலைப் பையும் பொம்மையும் இருந்தன. அந்தப் பிள்ளைக்கும் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை முஎன்போதோகே என்று சொல்லிவிட முடியுமா? அடாஷினோவில் உறவை அறுத்தது காலம். தேடுவதற்கு ஆளில்லாமல் போன பிறகு பெயரும் போனது. எங்களிடம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்காரத் தொடங்கிய தாய்மார் படங்களைப் பிடித்தபடி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கேட்டபடியே பலர் செத்தும் போய்விட்டார்கள். இங்கே உறவு அறவில்லை. உடலைத்தான் காணோம். கல் இருந்த இடங்களில் கல்லையும் விடவில்லை. கோப்பாய் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, 2011இல் அதன்மேல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது.

அடாஷினோவில் யாரென்று தெரியாத கல்லைத் தோண்டியெடுத்து நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் யாரென்று தெரிந்த கல்லை உடைத்தார்கள். இரண்டு நாடுகளிலும் பௌத்தம்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரணத்தைத் தியானிப்பது பற்றித் தேரவாத பௌத்தத்தின் விரிவான கையேடு விசுத்திமக்க. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அதை எழுதியது அநுராதபுரம் மகாவிகாரையில். மரணத்தை மனத்தில் நிறுத்துவது எப்படி, வீங்கிய பிணம் தொடங்கி எலும்புக்கூடு வரை பத்து நிலைகளைப் பார்த்துத் தியானிப்பது எப்படி என்றெல்லாம் அதில் விவரம் உண்டு. சிங்களக் கிராமங்களில் செத்த வீட்டுக்குப் போனவர்கள் வெள்ளைக் கொடிகளையும், நிலையாமையைச் சொல்லும் பாளி வாசகத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆக நிலையாமை இந்த நாட்டில் அறியப்படாத விடயமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் மட்டும் அது வேறு வேடத்தில் வருகிறது. நடந்தது நடந்துவிட்டது, எல்லாம் மாறிப்போகும், மறந்துவிட்டு முன்னே போங்கள் என்று ஆணைக்குழுக்களிலும் மேடைகளிலும் சொல்லப்படும் புத்திமதியாக. அடாஷினோவில் நிலையாமையின் பொருள் அதுவல்ல. எல்லாம் அழியும் என்பதை அந்த விகாரை தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. இருந்தும் ஒரு கல்லைக்கூட அது கைவிடவில்லை.

பிணத்தைப் பார்த்துச் செய்யும் தியானம் எல்லோருக்கும் மருந்தல்ல என்பதும் அந்த மரபுக்கே தெரிந்திருக்கிறது. வைசாலியில் புத்தர் உடலின் அசுத்தத்தைப் பற்றிப் போதித்துவிட்டுத் தனிமைக்குப் போனார், திரும்பி வந்தபோது பிக்குகள் பலர் உடல்மீது வெறுப்புற்று உயிரை மாய்த்திருந்தார்கள் என்று விநய நூல் பதிவுசெய்கிறது. மீதியிருந்தவர்களுக்கு அவர் மூச்சைக் கவனிக்கும் தியானத்தைச் சொல்லிக்கொடுத்தார். முள்ளிவாய்க்காலில் நடந்து வந்தவர்கள் அந்த அரசியின் ஓவியத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. ஒன்பது நிலைகளையும் ஒரே நாளில், பெயர் தெரிந்தவர்களிடமே பார்த்தவர்கள் அவர்கள். மரணத்தைத் தியானியுங்கள் என்று அவர்களிடம் யாராவது சொன்னால், இந்த வைசாலிக் கதையை ஒருமுறை படித்துவிட்டு வரச் சொல்லலாம்.

கற்கள் நிற்கும் அந்த நிலத்துக்கு 'சாய் நதிக்கரை' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய நம்பிக்கையில், பெற்றோருக்கு முன்னே இறந்துபோகும் பிள்ளைகள் போய்ச் சேரும் ஆற்றங்கரை அது. அப்பா அம்மாவுக்குப் புண்ணியம் சேர்க்க அந்தப் பிள்ளைகள் கூழாங்கற்களைக் கோபுரமாக அடுக்குவார்கள். அடுக்க அடுக்கப் பேய்கள் வந்து தட்டிவிடும். ஜிசோ என்ற போதிசத்துவர் வந்து பிள்ளைகளைத் தன் அங்கிக்குள் ஒளித்துக் காப்பாற்றுவார். ஜப்பானில் தெருவோரங்களில் சிவப்புத் துணி கட்டிய சிறிய மொட்டைத்தலைச் சிலைகளைக் காண்பீர்களே, அவர்தான். பிறக்காமல் போன, பிறந்ததும் போன குழந்தைகளுக்காக இங்கும் ஒரு ஜிசோ இருக்கிறார். அவர் காலடியில் விளையாட்டுச் சாமான்கள் வைத்திருந்தார்கள். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

இந்த விகாரையைப் பற்றி வெளியூர்க்காரர் அறிந்திருப்பது பெரும்பாலும் 'செந்தோ குயோ' இரவால். ஆயிரம் விளக்குப் படையல் என்று சொல்லலாம். குயோ என்ற சொல் பூசை என்ற வடசொல்லுக்கு ஈடாகச் சீனம் வழியே வந்தது. ஓகஸ்ட் மாதக் கடைசியில் பொழுதுபட்ட பிறகு, வருகிறவர்கள் மெழுகுதிரி வாங்கிக் கற்களுக்கு முன்னால் ஏற்றி வைக்கிறார்கள். எந்தக் கல் யாருடையது என்று ஏற்றுபவருக்கும் தெரியாது, விகாரைக்கும் தெரியாது. 8,000 கற்களுக்கும் வெளிச்சம் போக வேண்டும், அவ்வளவே கணக்கு. போக விரும்புபவர்கள் அந்த ஆண்டுக்குரிய திகதிகளையும் அனுமதி முறையையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. நவம்பர் 27ஆம் திகதி மாலை ஆறு மணியை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வேறுபாடு ஒன்றுதான். அங்கே விளக்கேற்றுபவரின் பெயரை எழுதிக்கொள்ள வாசலில் யாரும் நிற்பதில்லை.

இன்னும் கொஞ்சம் மேலே நடந்தால் ஒத்தாகி நென்புட்சுஜி என்ற இன்னொரு விகாரை வரும். 1981இலிருந்து பத்து ஆண்டுகளில் சாதாரண ஆட்கள் வந்து ஆளுக்கொன்றாகச் செதுக்கிய 1,200 கல் அருகர்கள் அங்கே இருக்கிறார்கள். சிரிப்பவர், குடிப்பவர், பூனையை வைத்திருப்பவர் என்று எல்லா வகையும் உண்டு. அடாஷினோவுக்குப் பிறகு அங்கே போவது மனத்துக்கு நல்லது. நேரமிருந்தால் தவறவிடாதீர்கள்.

நான் அங்கே போவதற்கு முன்னர் அடாஷினோவின் பின்பக்க மூங்கில் பாதையால் ஏறினேன். மேலே இன்றைய குடும்பங்களின் கல்லறைகள். அங்கே ஆறு முகமாக நிற்கும் ஜிசோ ஒருவர். உயிர்கள் பிறந்து உழலும் ஆறு உலகங்களுக்கும் ஒவ்வொரு முகம். சுற்றி வந்து ஒவ்வொன்றுக்கும் அகப்பையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்கு முன்னால் ஒரு வயதான பெண் ஊற்றிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அகப்பையை என் பக்கம் நீட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு மாமா 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய் எள்ளுந் தண்ணீரும் இறைக்கும்போது பெரியப்பாவின் பெயர் சொல்லப்படும், தாத்தாவின் பெயர் சொல்லப்படும், மாமாவின் பெயர் சொல்லப்படாது. அம்மம்மா விடமாட்டா. இருக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் இறைத்தால் அது பாவம் என்பா. இதே நிலையில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன, உங்கள் வீடும் அப்படி இருக்கலாம்.

அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஆறு முகத்துக்கும் ஊற்றினேன். அன்றிரவு தொலைபேசியில் அம்மம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கற்களைப் பற்றி, விளக்குகளைப் பற்றி, பிள்ளைகளின் ஆற்றங்கரையைப் பற்றி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவ தண்ணீர் ஊற்றியதைச் சொன்னதும் இடைமறித்தா.

"ஆருக்கெண்டு ஊத்தினனீ?"

"ஒருத்தருக்குமில்லை அம்மம்மா. அந்தச் சாமிக்குத்தான்."

"சாமிக்கெண்டால் பரவாயில்லை," என்றா. பிறகு, அங்கே குளிரா, சாப்பிட்டாச்சா என்று கேட்டா.